கிராஃப் கரெக்டா மேம்?

பி.எஸ்சி பசங்களுக்கு லேப் எடுக்குற யாரா இருந்தாலும் இந்தக் கேள்விய கேட்டுக் கேட்டு சலிச்சிருப்பீங்க. கிராஃப் ஷீட்டைப் புடிச்சுக்கிட்டு வந்து நிப்பாங்க, வலது பக்க மேல் மூலையில ஸ்கேல் எழுதி கட்டம் கட்டியிருக்கும், எக்ஸ் ஆக்சிஸ் ஒய் ஆக்சிஸ் பேர் இருக்கும், யூனிட் இருக்கும், ஒவ்வொரு புள்ளியச் சுத்தியும் குட்டி வட்டம் கூட போட்டிருப்பாங்க, பென்சில் கோடு அவ்ளோ சுத்தமா இருக்கும். "கிராஃப் கரெக்டா மேம்?" நல்லாத்தான் வரைஞ்சிருக்கப்பா, சரி இது என்ன சொல்லுது, அத சொல்லுன்னு கேட்டா அங்கதான் வண்டி நிக்கும். பேப்பரப் பாப்பாங்க, என்னப் பாப்பாங்க, பக்கத்துல இருக்குறவங்களப் பாப்பாங்க, கடைசியில "வி ஷேப் வந்திருக்கு மேம்"னு ஒரு பதில் வரும்.

பசங்கள குறை சொல்றதுக்காக இத எழுதல. எங்க காலேஜ் சின்ன ஊர்ல இருக்குற ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ், நிறைய பேரு தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வர்றவங்க, வீட்டுலயே முதல் பட்டதாரி ஆகப்போறவங்க, கையில வேலை சுத்தமா இருக்கும், டைட்ரேஷன்ல, அதாவது ஒரு கரைசல்ல இன்னொன்ன சொட்டுச் சொட்டா விட்டு அளவு கண்டுபிடிக்கிற சோதனையில, கலர் மாறுற அந்த ஒரு சொட்டுல ப்யூரெட்ட (சொட்டு விடுற அளவுக்குழாய்) நிறுத்துறத பாத்தா எனக்கே பெருமையா இருக்கும். அப்படிப்பட்ட புள்ளைங்க தானே எடுத்த ரீடிங்ல தானே போட்ட கிராஃபைப் பாத்து பேச முடியாம நிக்கிறாங்கன்னா கோளாறு அவங்க மூளையில இல்ல, நாம சொல்லிக்கொடுத்த விதத்துல இருக்கு. வரையறதுக்கு சொல்லிக்கொடுத்திருக்கோம், படிக்கிறதுக்கு சொல்லிக்கொடுக்கல, இத்தன வருஷத்துல எனக்கு உறுதியாத் தெரிஞ்ச விஷயம் இதுதான்.

அந்த வி ஷேப் கதையையே எடுத்துக்குவோம். கண்டக்டோமெட்ரிக் டைட்ரேஷன், கெமிஸ்ட்ரி படிச்ச எல்லாரும் செஞ்சிருப்பீங்க. பீக்கர்ல ஹைட்ரோகுளோரிக் ஆசிட், ப்யூரெட்ல சோடியம் ஹைட்ராக்சைடு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் விட்டு கலக்கி கண்டக்டன்ஸ், அதாவது கரைசல் எவ்ளோ கரண்ட் கடத்துதுங்கற ரீடிங் எடுக்கணும், முதல்ல ரீடிங் இறங்கிக்கிட்டே வரும், ஒரு இடத்துக்கு அப்புறம் ஏற ஆரம்பிக்கும், ரெண்டு நேர்கோடு போட்டு அது ரெண்டும் வெட்டுற இடத்துல இருந்து கீழ இறக்குனா எண்ட் பாயிண்ட், அதாவது ஆசிட் முழுசா தீர்ந்த இடம். இது வரைக்கும் எல்லாருக்கும் அத்துப்படி. ஏன் முதல்ல இறங்குதுன்னு கேட்டா பத்துல எட்டுப் பேரு "ஆசிட் குறையுது மேம்"பாங்க. சரி, ஆசிட் குறையுது, ஆனா அதுக்குப் பதிலா உப்பு உண்டாகுதே, உப்புக் கரைசல் கரண்ட் கடத்தாதா? அங்க அமைதி.

உண்மையில அந்த இடது பக்கக் கோட்டுல நடக்குறது ரொம்ப அழகான விஷயம். பீக்கர்ல குளோரைடு அயனி இருந்த மாதிரியே இருக்கு, அதுக்கு ஒன்னும் ஆகல. ஹைட்ரஜன் அயனி ஒவ்வொன்னா தண்ணியா மாறி காணாமப் போகுது, அதோட இடத்துக்கு சோடியம் அயனி வருது, எண்ணிக்கை மாறவே இல்ல, ஆனா ஹைட்ரஜன் அயனியோட மோலார் கண்டக்டிவிட்டி (ஒரு மோல் அயனி எவ்ளோ கரண்ட் கடத்தும்ங்கற அளவு) 25 டிகிரியில கிட்டத்தட்ட 350, சோடியத்துக்கு வெறும் 50. வேகமா ஓடுற ஆள் போயி மெதுவா நடக்குற ஆள் அந்த இடத்துக்கு வர்றாரு, அதனாலதான் கண்டக்டன்ஸ் இறங்குது. எண்ட் பாயிண்ட்டுக்கு அப்புறம் ஆளை மாத்துற வேலையே கிடையாது, விடுற ஆல்கலி, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, அப்படியே பீக்கர்ல சேருது, சோடியம் 50, ஹைட்ராக்சைடு சுமார் 198, ரெண்டும் சேந்து ஏறுது. இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க, இறங்குறப்ப வித்தியாசம் 300, ஏறுறப்ப 248. அப்போ இடது பக்கக் கோடு வலது பக்கத்த விட கொஞ்சம் செங்குத்தா இருக்கணும். கிராஃப் ஷீட்டை எடுத்துப் பாருங்க, வால்யூம் கூடுறதால வர்ற சின்ன வித்தியாசத்த கழிச்சுட்டா அப்படித்தான் இருக்கும். புள்ளைங்க வரைஞ்ச கிராஃப்லயே இது இருக்கு! ரெக்கார்டு நோட்டுல ஒட்டி கையெழுத்து வாங்கி உள்ள வச்சுட்டாங்க, அந்தக் கோடு ஏன் அவ்ளோ சாய்ஞ்சிருக்குன்னு யாரும் கேக்கவே இல்ல.

ஷேப்ப மட்டும் மனப்பாடம் பண்ணிட்டா என்ன ஆகும்னா, அடுத்த எக்ஸ்பெரிமென்ட்ல மாட்டிக்குவாங்க. ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் அசிட்டிக் ஆசிட்டும் கலந்த கலவைய குடுத்தா கிராஃப்ல மூணு கோடு வரும், முதல்ல செங்குத்தா ஒரு இறக்கம், நடுவுல மெதுவா ஒரு ஏத்தம், கடைசியில வேகமான ஏத்தம், ரெண்டு இடத்துல திரும்பும். முதல் திருப்பம் ஸ்ட்ராங் ஆசிட் முடிஞ்ச இடம், ரெண்டாவது திருப்பம் அசிட்டிக் ஆசிட்டும் முடிஞ்ச இடம், அப்போ அசிட்டிக் ஆசிட்டுக்கு செலவான ஆல்கலி எவ்ளோன்னா ரெண்டாவதுல இருந்து முதலாவத கழிக்கணும். வருஷா வருஷம் ஒரு கூட்டம் ரெண்டாவது வால்யூமை அப்படியே எடுத்து கணக்குல போட்டுட்டு வரும். கழிக்கத் தெரியாதவங்க இல்ல. எக்ஸ் ஆக்சிஸ்ங்கறது அது வரைக்கும் ப்யூரெட்ல இருந்து இறங்குன மொத்த ஆல்கலி, சைபர்ல இருந்து அங்க வரைக்கும் நாம நடந்து வந்த பாதைன்னு அவங்களுக்கு மனசுல படல, அவ்ளோதான்.

பிசிக்ஸ் பக்கம் போனா இதே வியாதிக்கு வேற முகம். அங்க பெரிய குழப்பம் கோட்டோட உயரத்துக்கும் ஸ்லோப்புக்கும், அதாவது சாய்வுக்கும். ரெண்டு வண்டி ஏ, பி, ரெண்டோட பொசிஷன்-டைம் கிராஃபும் ஒரே ஷீட்டுல, ரெண்டு கோடும் ஒரு இடத்துல வெட்டிக்குது. எப்போ ரெண்டு வண்டியோட வேகமும் ஒன்னா இருக்குன்னு கேட்டா ரொம்பப் பேரு வெட்டுற இடத்த காட்டுவாங்க. அந்த இடத்துல ரெண்டு வண்டியும் ஒரே இடத்துல இருக்கு, அவ்ளோதான், ஒன்னு இன்னொன்ன முந்திக்கிட்டுப் போகுது, வேகம் எப்படி ஒன்னா இருக்கும்? வேகம் ஸ்லோப்ல இருக்கு. இது நம்ம ஊர்ப் பசங்களோட பிரச்சனை மட்டும் கிடையாது, அமெரிக்காவுல சியாட்டில்ல இருக்குற வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல லில்லியன் மெக்டெர்மாட்டும் அவங்க கூட இருந்தவங்களும் 1987லயே இதப் பத்தி விரிவா ஒரு கட்டுரை எழுதியிருக்காங்க, ஸ்லோப்ப பாக்க வேண்டிய இடத்துல உயரத்த பாக்குறது, உயரத்த பாக்க வேண்டிய இடத்துல ஸ்லோப்ப பாக்குறது, கிராஃபை அப்படியே ரோட்டோட படமா நினைச்சுக்கறது, எல்லாம் அதுல இருக்கு. அப்புறம் 1994ல நார்த் கரோலினாவுல ராபர்ட் பெய்க்னர் இதுக்குன்னே 21 கேள்வியோட ஒரு டெஸ்ட் தயார் பண்ணி நூத்துக்கணக்கான ஸ்கூல், காலேஜ் மாணவர்களுக்கு வச்சாரு, சராசரி மார்க் பாதிய கூட தொடல. எல்லாரும் கைனமேடிக்ஸ், அதாவது பொருள் எப்படி நகருதுங்கற பாடம் முடிச்சவங்க. அந்த டெஸ்ட்ட பாத்தீங்கன்னா கணக்குன்னு சொல்ற மாதிரி பெரிசா ஒன்னும் இருக்காது, கிராஃபைப் பாத்து அது என்ன சொல்லுதுன்னு சொன்னாப் போதும்.

கிராஃபை படமா நினைச்சுக்கறதுன்னு சொன்னேன்ல, அத கிளாஸ்ல புரிய வைக்க நான் ஊட்டி ரயில எடுத்துக்குவேன். மேட்டுப்பாளையத்துல இருந்து கிளம்புது, கல்லாறு வரைக்கும் சமவெளி, கல்லாறுக்கு அப்புறம் பல்சக்கரத் தண்டவாளம், குன்னூர் வரைக்கும் செம ஏத்தம். இப்ப இந்த ரயிலோட வேகத்த ஒய் ஆக்சிஸ்ல, நேரத்த எக்ஸ் ஆக்சிஸ்ல வச்சு உத்தேசமா ஒரு கோடு போடுங்கன்னு சொல்லுவேன். நம்பர் எதுவும் வேணாம், கோடு எந்தப் பக்கம் போகும்னு மட்டும் காட்டுங்க. பாதி நோட்டுல கோடு மலை மாதிரி மேல ஏறும்! ரயில் ஏறுதுல்ல, அதனால கோடும் ஏறிடுச்சு. ஆனா கல்லாறு தாண்டுனதும் ரயில் திணறி ஊர்ந்து போற நேரம் அது, வேகக் கோடு கீழ விழுந்து தரையோட தரையாப் போகணும். கடல் மட்டத்துல இருந்து எவ்ளோ உயரம்னு போட்டாத்தான் கோடு ஏறும். அதே ரயில், அதே நேரம், ஒரு கிராஃப் ஏறுது இன்னொன்னு இறங்குது. ஒய் ஆக்சிஸ்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்காம கோட்டப் பாக்கவே கூடாதுன்னு நூறு தடவ வாயால சொல்றதுக்குப் பதிலா இந்த ஒரு ரயில ஓட்டுனா போதும், கிளாஸே கலகலன்னு ஆயிடும், ஒருத்தரோட ஒருத்தர் சண்டை போட ஆரம்பிச்சுடுவாங்க, அந்தச் சண்டைதான் எனக்கு வேணும்.

சரி, இது எங்க இருந்து ஆரம்பிக்குது? எனக்குத் தெரிஞ்சு பத்தாம் வகுப்புல இருந்து. நம்ம ஸ்டேட் போர்டு கணக்குப் பரீட்சையில கிராஃபுக்கு 8 மார்க், ஜாமெட்ரிக்கு 8 மார்க், "இந்த ரெண்டையும் விடாம போட்டுட்டா பாஸ்"னு சொல்லிச் சொல்லியே வளத்துருக்கோம். கணக்கு வராத புள்ளைக்கு கிராஃப்ங்கறது ஒரு உயிர்காக்கும் கேள்வி. டேபிள் போடு, ஸ்கேல் எழுது, புள்ளி வை, சேத்து விடு, மார்க் வந்துரும். வாத்தியாரும் பாவம் என்ன பண்ணுவாரு, அந்தப் புள்ள பாஸாகணும்ல. ஆனா அதுல என்ன ஆயிடுச்சுன்னா கிராஃப்னா கடைசியில போடுற ஒரு வேலை, போட்டு முடிச்சா வேலை முடிஞ்சதுன்னு மனசுல பதிஞ்சு போச்சு. காலேஜ் வந்த பிறகும் நாம அதையே தொடர்றோம், ப்ராக்டிகல் பரீட்சையில மார்க் பிரிக்கும்போது கிராஃபுக்குன்னு ஒரு பங்கு இருக்கும், அதுல ஸ்கேல் சரியா, ஆக்சிஸ் பேர் இருக்கா, புள்ளி சரியா இருக்கா, ஷேப் வந்திருக்கா, அவ்ளோதான் பாப்போம். வைவாவுல கேக்குறது டெஃபனிஷன். கிராஃபைத் தொட்டு யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

இதோட இன்னொரு விளைவு மனசுக்குக் கஷ்டமா இருக்கும், வெளிப்படையாவே சொல்லிடறேன். ஷேப்புக்குத்தான் மார்க்னு ஆனதும் புள்ளைங்க ரீடிங்க மாத்த ஆரம்பிச்சுடறாங்க. முதல்ல கோட்டப் போட்டுட்டு அப்புறம் அதுல இருந்து புள்ளிய எடுத்து டேபிள்ல எழுதுறது நடக்குது. கலரிமீட்டர்ல அஞ்சு கான்சன்ட்ரேஷனுக்கு (கரைசலோட அடர்த்தி) அப்சார்பன்ஸ், அதாவது கரைசல் எவ்ளோ ஒளிய உறிஞ்சுதுன்னு எடுத்தா பீர்-லாம்பர்ட் விதிப்படி நேர்கோடு வரணும், நாலு புள்ளி கோட்டுல இருக்கு, அதிகக் கான்சன்ட்ரேஷன்ல அஞ்சாவது புள்ளி கொஞ்சம் கீழ சாயுது. அந்தப் புள்ளிய அழிச்சு மேல தூக்கி வச்சுடுவாங்க. ஆனா அந்தச் சாய்வுதான் அங்க கத்துக்க வேண்டிய பாடமே, கரைசல் ரொம்ப அடர்த்தியானா அந்த விதி அப்படியே பொருந்தாது, கருவிக்கும் ஒரு எல்லை இருக்கு. இயற்கை நமக்கு சொல்ல வந்தத ரப்பர் வச்சு அழிச்சுட்டு நல்ல மார்க் வாங்கிட்டு போறாங்க. இத பாக்குறப்ப எனக்கு புள்ளைங்க மேல கோவம் வராது, அந்த மார்க் ஷீட் மேலதான் வரும்.

ஆக்சிஸ் விஷயத்துக்கு வர்றேன், இதுல மாட்டாதவங்க கிடையாது. வினையோட வேகம் டெம்பரேச்சரோட எப்படி மாறுதுன்னு காட்டுற அர்ஹீனியஸ் பிளாட்ல எக்ஸ் ஆக்சிஸ்ல 1/டி போடுவோம், டின்னா கெல்வின்ல டெம்பரேச்சர். வலது பக்கம் போகப் போக என்ன ஆகும்னா "டெம்பரேச்சர் கூடுது மேம்". 300 கெல்வினுக்கு 1/டி எவ்ளோன்னு கால்குலேட்டர்ல போடு, 0.00333. 320க்கு? 0.00313. அப்போ சூடு கூடுனா எந்தப் பக்கம் வர்றோம்? இடது பக்கம்! அந்த நிமிஷம் அவங்க முகத்த பாக்கணும். அதுக்கு அப்புறம்தான் அந்தக் கோடு ஏன் இடது பக்கம் உசந்து வலது பக்கம் இறங்குது, ஸ்லோப் ஏன் மைனஸ்ல வருதுன்னு எல்லாமே ஒன்னோட ஒன்னு சேரும். அதுவரைக்கும் "ஸ்லோப் ஈக்குவல் டு மைனஸ் இஏ பை ஆர்"ங்கறது (இஏ கிளர்வு ஆற்றல், ஆர் வாயு மாறிலி) வெறும் மந்திரம்.

பயோகெமிஸ்ட்ரியில என்சைம் கைனெடிக்ஸ் எடுக்குறவங்களுக்கு லைன்வீவர்-பர்க் பிளாட் இதே தலைவலி. 1934ல வந்தது, சப்ஸ்ட்ரேட் (என்சைம் வேலை செய்யுற பொருள்) கூடக் கூட வினையோட வேகம் எப்படி மாறுதுன்னு காட்டுற, வளைஞ்சு போற மைக்கேலிஸ்-மென்டன் கர்வ நேர்கோடா ஆக்கறதுக்கு ரெண்டு பக்கமும் தலைகீழாக்கி 1/வேகம், 1/சப்ஸ்ட்ரேட்னு போட்டுடறோம். அதனால எந்த டெஸ்ட் ட்யூப்ல சப்ஸ்ட்ரேட் ரொம்பக் கம்மியோ அதோட புள்ளி வலது பக்கம் தூரமாப் போயி தனியா நிக்கும். சப்ஸ்ட்ரேட் கம்மின்னா வேகமும் கம்மி, அளக்குறதுல வர்ற சின்னத் தப்பு கூட தலைகீழாக்குனதும் பெரிசா ஊதிடும், அப்படி ஊதுன புள்ளிதான் தூரத்துல நின்னு மொத்தக் கோட்டையும் தன் பக்கம் இழுக்குது. எந்தப் புள்ளிய நம்பலாம் எதை சந்தேகப்படணும்னு தெரியணும்னா அந்தப் புள்ளி எந்த ட்யூப்ல இருந்து வந்ததுன்னு தெரியணும். புள்ளைங்களுக்கு புள்ளிக்கும் ட்யூபுக்கும் இருக்குற தொடர்பே அறுந்து போயிருக்கு, கிராஃப் ஷீட்டுல வச்சதும் அது வெறும் பென்சில் புள்ளி.

லாக் ஸ்கேல், அதாவது ஒவ்வொரு படியும் 1, 10, 100ன்னு மடங்கா கூடுற அளவுகோல், இன்னும் மோசம். 2020ல கொரோனா நேரத்துல பேப்பர்லயும் டிவியிலயும் லாக் ஸ்கேல் கிராஃப் நிறைய வந்துச்சு, அப்ப சயின்ஸ் படிச்சவங்களே நிறைய பேரு அந்தக் கோடு நேரா சாதுவாப் போறதப் பாத்து பரவாயில்லையேன்னு நினைச்சுக்கிட்டாங்க. லாக் ஸ்கேல்ல நேர்கோடுன்னா சம இடைவெளி நேரத்துல மடங்கு மடங்கா பெருகுதுன்னு அர்த்தம், அதவிட பயமுறுத்துற கோடு வேற என்ன இருக்கு? மைக்ரோபயாலஜி பசங்களுக்கு நான் சொல்ற கணக்கு ஒன்னு இருக்கு. ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழ்நிலையில 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ இரட்டிப்பாகும். ஒரே ஒரு செல்லுல ஆரம்பிச்சு அதே வேகத்துல போனா 10 மணி நேரத்துல 30 இரட்டிப்பு, 107 கோடிக்கு மேல. ஒரு மணி நேரம் முன்னாடி, அதாவது 9 மணி நேரத்துல எவ்ளோ இருந்துச்சு? 13 கோடி சொச்சம், எட்டுல ஒரு பங்கு. சாதாரண ஸ்கேல்ல வரைஞ்சா முதல் ஏழு மணி நேரம் கோடு எக்ஸ் ஆக்சிஸ் மேலயே படுத்துக் கிடக்கும், கடைசியில திடீர்னு சுவரு மாதிரி ஏறும். பாத்தவங்க "ஏழு மணி நேரம் ஒன்னும் நடக்கல, லேக் ஃபேஸ்"னு (பெருக ஆரம்பிக்கறதுக்கு முந்தின கட்டம்) எழுதுவாங்க. அதே டேட்டாவ ஒய் ஆக்சிஸ் மட்டும் லாக் ஸ்கேல்ல இருக்குற செமி-லாக் ஷீட்டுல போட்டா முதல் நிமிஷத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே நேர்கோடு. முதல் ஏழு மணி நேரமும் அதே மும்முரத்துல பெருகிக்கிட்டுதான் இருந்திருக்கு, ஸ்கேல் அத மறைச்சிடுச்சு. ரெண்டு ஷீட்டையும் பக்கத்துல பக்கத்துல வரைய வச்சாத்தான் இது உறைக்கும், போர்டுல சொல்லி வேலைக்கு ஆகாது.

இப்ப கம்ப்யூட்டர் வந்துருச்சே, எக்செல் போட்டா முடிஞ்சதுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒன்னு சொல்லணும். எம்.எஸ்சி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுல நான் அடிக்கடி பாக்குறது, கான்சன்ட்ரேஷன் 5, 10, 20, 50, 100ன்னு எடுத்திருப்பாங்க, எக்செல்ல இன்சர்ட் போயி 'லைன்'ங்கற சார்ட்ட அமுக்கிடுவாங்க. அந்த லைன் சார்ட் எக்ஸ் மதிப்ப நம்பரா எடுத்துக்காது, வெறும் பேரா எடுத்து சம இடைவெளியில அடுக்கிடும். 5க்கும் 10க்கும் நடுவுல எவ்ளோ இடமோ 50க்கும் 100க்கும் நடுவுலயும் அவ்ளோதான். நேர்கோடா வர வேண்டியது வளைஞ்சு மேல ஏறும், உடனே ரிசல்ட்ஸ் அண்ட் டிஸ்கஷன்ல அதுக்கு ஒரு பத்தி விளக்கம் வேற எழுதியிருப்பாங்க. 'ஸ்கேட்டர்' எடுத்திருந்தா எல்லாம் சரியா வந்திருக்கும். கையால கிராஃப் ஷீட்டுல வரைஞ்ச காலத்துல இந்தத் தப்பு இவ்ளோ சுலபமா வராது, ஏன்னா கட்டம் எண்ணித்தான் புள்ளி வைக்கணும். நான் இன்னும் முதல் வருஷத்துக்கு கிராஃப் ஷீட்ட விடாம வச்சிருக்கறதுக்கு இதுதான் காரணம்.

அதே மாதிரி ட்ரெண்ட்லைன் போட்டு ஆர் ஸ்கொயர் (கோடு புள்ளிகளோட எவ்ளோ பொருந்துதுங்கற எண்) வந்துட்டா கும்பிட்டுட்டு போயிடறாங்க. ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம்னு ஒரு புள்ளியியல் அறிஞர் 1973ல நாலு டேட்டா செட் குடுத்தாரு, நாலுலயும் எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, கோட்டோட சமன்பாடு ஒன்னே, கோரிலேஷனும் (எக்ஸுக்கும் ஒய்க்கும் உள்ள தொடர்போட அளவு) 0.816 ஒன்னே. வரைஞ்சு பாத்தா ஒன்னு சாதாரணமா சிதறிக் கிடக்கு, ஒன்னு வளைவு, ஒன்னுல எல்லாம் நேர்கோடு ஒரே ஒரு புள்ளி மட்டும் வெளிய, நாலாவதுல ஒரே ஒரு புள்ளிதான் மொத்தக் கோட்டையும் தாங்கிக்கிட்டு நிக்குது. இந்த நாலையும் புள்ளைங்க கையாலயே வரையணும், முதல்ல சராசரி கண்டுபிடிச்சுட்டு அப்புறம் வரையணும், அந்த வரிசையில செஞ்சாத்தான் அந்த அதிர்ச்சி கிடைக்கும்.

இவ்ளோ சொல்லிட்டு, கிராஃப் படிக்கிறதுங்கறது ஒரு தடவ கத்துக்கிட்டா எல்லா இடத்துலயும் உதவுற திறமைன்னு நான் சொல்ல மாட்டேன். கனடாவுல வுல்ஃப்-மைக்கேல் ராத்ங்கற கல்வி ஆய்வாளர் 2000களோட தொடக்கத்துல அனுபவமுள்ள விஞ்ஞானிகள்கிட்டயே இத சோதிச்சுப் பாத்திருக்காரு. டிகிரி முதல் வருஷ எக்காலஜி பாடப்புத்தகத்துல வர்ற மாதிரி கிராஃபை கையில குடுத்தா, அது தன்னோட துறை இல்லாதப்ப அவங்கள்ல நிறைய பேரு தடுமாறியிருக்காங்க. தன் சொந்த ஆராய்ச்சியில தினமும் பாக்குற கிராஃப்னா கதையே வேற, அந்தக் கருவி எப்படி வேலை செய்யும், அந்த இடம் எப்படி இருக்கும், இந்தப் புள்ளி ஏன் விலகிப் போச்சுன்னு கோட்டுக்குப் பின்னாடி இருக்குற எல்லாமே அவங்களுக்குத் தெரியும். இத படிச்ச பிறகு எனக்கு ஒன்னு தெளிவாச்சு, கோட்டுக்குப் பின்னாடி இருக்குற உலகம் தெரியாதவங்ககிட்ட கோட்ட மட்டும் குடுத்து படின்னா யாராலயும் முடியாது. அப்ப அந்த உலகம் எங்க இருக்கு? லேப்லதான் இருக்கு, பீக்கர் அவங்க கையிலதான் இருக்கு, நம்ம புள்ளைங்களுக்கு இதவிட நல்ல வாய்ப்பு எங்க கிடைக்கும்!

அதனால இப்பல்லாம் என் லேப்ல எக்ஸ்பெரிமென்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கிராஃப் போட வைக்கிறேன். ப்யூரெட்ட தொடக்கூடாது, முதல்ல அப்சர்வேஷன் நோட்டுல பென்சிலால கோடு எப்படி வரும்னு நினைக்கிறியோ அத போடு, ஏன்னு ஒரு வரி எழுது, தமிழ்ல எழுதுனாலும் சரி. தப்பா வந்தா மார்க் குறைக்க மாட்டேன்னு முதல்லயே சொல்லிடுவேன். வி ஷேப்ப மனப்பாடமா போட்டுடுவாங்கங்கறதால புத்தகத்துல அதிகம் பாக்காத ஒன்ன குடுப்பேன், பொட்டாசியம் குளோரைடு கரைசல்ல சில்வர் நைட்ரேட் விட்டா கண்டக்டன்ஸ் என்ன ஆகும்? சில்வர் நைட்ரேட் விக்கிற விலைக்கு ரொம்ப நீர்த்த கரைசலா கொஞ்சமா வச்சுத்தான் செய்ய முடியும், ஆனாலும் செய்வேன்.

போன தடவ ஒரு பொண்ணு, பேர் வேணாம், கிளாஸ்ல வாயே திறக்காத புள்ள, மத்தவங்க எல்லாம் வி போட்டிருக்க அவ மட்டும் ஒரு படுத்த கோடு போட்டு அப்புறம் ஏத்தியிருந்தா. ஏன்மா இப்படின்னு கேட்டேன். "வீழ்படிவா குளோரைடு போயிடுது, அதுக்கு பதிலா நைட்ரேட் வருது, ரெண்டுக்கும் கண்டக்டிவிட்டி டேபிள்ல 76, 71னு கிட்டத்தட்ட ஒரே நம்பர்தான் இருக்கு மேம், ஓடுற ஆளு மாறுனாலும் வேகம் மாறாதுல்ல"ன்னா. பொட்டாசியம் அப்படியே இருக்கு, அதுக்கு ஒன்னும் ஆகலன்னு அவளே சேத்து சொன்னா. அப்புறம் எல்லாரும் செஞ்சு பாத்தாங்க, வெள்ளையா வீழ்படிவு இறங்க இறங்க மீட்டர்ல நம்பர் அசையவே மாட்டேங்குது, எண்ட் பாயிண்ட் தாண்டுனதும் ஏறுது. பக்கத்து டேபிள் பையன் அவ நோட்ட வாங்கி வரிக்கு வரி படிச்சுக்கிட்டு இருந்தான். கிராஃப் படிக்கிறதுன்னா இதுதாங்க, வரைஞ்ச கோட்டுல அயனி நடமாடுறது தெரியணும்.

லேப்புக்கு வெளிய உள்ளதுக்கு கீலிங் கர்வ எடுத்துக்குவேன். 1958ல ஹவாய்ல மௌனா லோவா மலையில சார்லஸ் டேவிட் கீலிங் கார்பன் டை ஆக்சைட அளக்க ஆரம்பிச்சாரு, அப்ப பத்து லட்சத்துக்கு சுமார் 315 பங்கு, இப்ப 420ஐ தாண்டிடுச்சு. கோடு ஏறுதுன்னு எல்லாரும் சொல்லிடுவாங்க, அதோட முடிக்க விட மாட்டேன். அந்தக் கோட்டுல ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்குதே அது என்ன? முதல் பதில் எப்பவும் "இன்ஸ்ட்ருமென்ட் எரர் மேம்". எரர்னா வருஷா வருஷம் மே மாசம் உச்சிக்குப் போயி செப்டம்பர்-அக்டோபர்ல கீழ வருமா, காலண்டர் பாத்து வர்ற எரர் உண்டா? அங்க இருந்து கொஞ்சம் கொஞ்சமா வருவாங்க, வட பாதி பூமியில நிலமும் காடும் அதிகம், அங்க வசந்தத்துல இலை துளிர்த்து கோடை முழுக்க கார்பன் டை ஆக்சைட இழுத்துக்குது, குளிர்காலத்துல மறுபடி வெளிய விடுது. அப்புறம் ஒய் ஆக்சிஸ் சைபர்ல ஆரம்பிக்கலையே அது ஏமாத்து வேலையான்னு அடுத்த கேள்வி. சைபர்ல ஆரம்பிச்சா இந்தப் பல் தெரியுமான்னு வரைஞ்சு பாருங்கம்பேன். பிளஸ் டூல சைபர்ல ஆரம்பிக்காட்டி முறிவுக்குறி போடணும்னு மட்டும்தான் படிச்சிருப்பாங்க, ஏன் ஆரம்பிக்கணும் எப்ப வேணாம்னு யோசிக்க இதுதான் முதல் தடவையா இருக்கும்.

இதுக்கெல்லாம் சிலபஸ்ஸ மாத்த வேண்டியதில்ல, புதுசா கருவி வாங்க வேண்டியதில்ல, மார்க் பிரிக்கிற விதத்த மாத்துனா போதும். அடுத்த செமஸ்டர் இன்டர்னல் ப்ராக்டிகல்ல என் கையில இருக்குற அளவுக்கு இத செஞ்சுடப் போறேன், கிராஃப் மார்க்ல பாதி வரைஞ்சதுக்கு, மீதிப் பாதி நான் அதுல தொட்டுக் காட்டுற ரெண்டு இடத்த பத்திப் பேசுறதுக்கு, தமிழ்ல பேசலாம், திக்கித் திணறிப் பேசலாம், முழு மார்க் உண்டு. எக்ஸ்டர்னலா வேற காலேஜுக்குப் போற சக ஆசிரியர்கள் கிட்ட ஒரே ஒரு கோரிக்கை. ஷேப் வந்திருக்கான்னு பாத்துட்டு டிக் போட பேனாவ எடுக்குறீங்கல்ல, அதுக்கு முன்னாடி கோட்டுல ஏதோ ஒரு புள்ளிய தொட்டு "இந்த இடத்துல பீக்கர்ல என்னென்ன இருக்கு?"ன்னு கேளுங்க. தலைக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகாது, அடுத்த பேட்ச் வெளிய நிக்கிறவங்க காதுக்கு இந்தக் கேள்வி போயிடும், உள்ள வர்றதுக்குள்ள தன் கிராஃபை அவங்களே ஒரு தடவ படிச்சுப் பாத்துடுவாங்க.